க்ரீச்சர் கார்டு எங்கே தேறுகிறது, எங்கே கெடுகிறது: மேஜிக் ஆட்டத்தை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் 2013-ல் 'ட்ரூ-நேம் நெமசிஸ்' என்றொரு நீல க்ரீச்சர் (களத்தில் இறங்கிச் சண்டை போடும் உயிரினக் கார்டு) வந்தது. விலை மூன்று மானா (நிலக் கார்டுகள் தரும் மந்திர ஆற்றல், அதைக் கட்டித்தான் மற்ற கார்டுகளை இறக்க வேண்டும்), உடல் 3/1 (முதல் எண் தாக்க, அடுத்தது தாங்க). எண்களில் பயமுறுத்த ஒன்றும் இல்லை. ஆனால் களத்துக்கு வரும்போது ஓர் ஆட்டக்காரரைக் குறித்துக்கொள்ளும். அவருடைய க்ரீச்சர்களால் இதைத் தடுக்க முடியாது, அவருடைய மந்திரங்களால் இதைக் குறிவைக்க முடியாது, அவர் தரும் சேதம் இதன்மேல் ஒட்டாது. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடும் கமாண்டர் ஆட்டத்துக்காகச் செய்த கார்டு அது. அங்கே ஒருவர் கை கட்டப்பட்டாலும் மற்ற இருவர் கை வைக்கலாம். அதே கார்டு லெகசி என்ற, இருவர் ஆடும் போட்டி வகையின் மேசைக்குப் போனபோது எதிரே இருந்தவர் ஒரே ஒருவர். 'ஒரு க்ரீச்சரைப் பலி கொடு' என்பது போன்ற மந்திரமோ, களத்தையே துடைக்கும் மந்திரமோ கையில் இல்லாவிட்டால் அவர் வேடிக்கை பார்ப்பதோடு சரி.

க்ரீச்சர் கார்டு நன்றாக அமைந்ததா என்று பார்க்க, அது எவ்வளவு வலுவானது என்று கேட்பது பாதி வேலைதான். அது இறங்கியபின் எதிராளிக்கு என்ன வேலை மிச்சம் என்பதுதான் முக்கியமான கேள்வி. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியை எண்ணிலும் எழுத்திலும் சோதிப்பதற்கான வழிகள். நண்பர்களுக்குள் ஆட ஒரு கார்டுத் தொகுப்பைச் சொந்தமாகச் செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. வாங்கிய கார்டுகளை எடைபோடவும் இதே அளவுகோல் உதவும்.

சொற்களைப் பற்றி ஒரு வரி. க்ரீச்சர் கார்டின் வலது கீழ் மூலையில் 3/2 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் பவர், அடுத்தது டஃப்னெஸ். இங்கே தாக்கு, தாங்கு என்று சொல்லிவிடுவோம், ஓர் எழுத்துதான் வித்தியாசம். கூடவே ஒரு கார்டைப் புதிதாகச் செய்துகொண்டே போவோம்: அழுங்கு. எறும்பு தின்னும், ஆபத்து வந்தால் செதிலுக்குள் சுருண்டுகொள்ளுமே, அதுதான்.

படி 1: வேலையை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

எண்ணுக்கும் திறனுக்கும் முன்னால், இந்தக் கார்டு டெக்கில் (ஒருவர் ஆட எடுக்கும் கார்டுக் கட்டில்) எதற்காக இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். 'முதல் டர்னிலேயே அடிக்கத் தொடங்கும் உடல்', 'பறப்பவற்றை நிறுத்தும் சுவர்', 'மானாவை முந்தித் தரும் சின்னவன்' என்கிற மாதிரி. 1993-ல் வந்த முதல் தொகுப்பில் உள்ள லானோவார் எல்வ்ஸ் இதற்கு நல்ல உதாரணம். ஒரு மானா, 1/1, டாப் செய்தால் (கார்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பயன்படுத்தினால்) ஒரு பச்சை மானா. வேலை ஒன்று, அதைச் செய்கிறது, கதை முடிந்தது. எதிராளிக்கு உடனே ஒரு கேள்வியும் வருகிறது: இந்தச் சிறியதை இப்போதே கொல்வதா, பின்னால் வரும் பெரியதற்காக மந்திரத்தைச் சேமிப்பதா?

வாக்கியத்தில் 'மேலும்' என்ற சொல் இரண்டாவது முறை வந்தால் நிறுத்துங்கள். அங்கே ஒரு கார்டு இல்லை, இரண்டு இருக்கின்றன.

அழுங்கின் வாக்கியம்: 'தாக்கப் போனால் எளிதில் சாகும், தடுக்க நின்றால் சுருண்டு தப்பிக்கும்.'

படி 2: எண்களைப் போடுங்கள்

அளவுகோல் இல்லாமல் எண் போடக் கூடாது. திறன் எதுவும் இல்லாத க்ரீச்சரை ஆட்டக்காரர்கள் 'வெனிலா' என்பார்கள். வெனிலா கார்டுகள்தான் அளவுகோல். முதல் தொகுப்பின் கிரிஸ்லி பேர்ஸ் இரண்டு மானாவுக்கு 2/2. இன்றும் இரண்டு மானா 2/2 எது வந்தாலும் 'கரடி' என்றுதான் பெயர். மூன்று மானாவுக்கு 3/3 என்பது 2009-ன் சென்டார் கோர்சர். பச்சையில் இது சாதாரண விலை. அதே 3/3-க்கு 1993-ல் சிவப்பு நிறத்தின் ஹில் ஜயண்ட் நான்கு மானா கேட்டது. இடையில் க்ரீச்சர்கள் மெல்ல மலிவாகிவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி.

நிறத்தை இறுக்கினால் உடல் பெரிதாகலாம். இரண்டு மானாவும் பச்சையாகவே இருக்க வேண்டும் என்றால் 3/3 தரலாம் (கலோனியன் டஸ்கர், 2013). மூன்றும் பச்சை என்றால் 4/5 (லெதர்பேக் பேலோத், 2010). இரண்டு நிற டெக்கில் மூன்றாவது டர்னில் மூன்று பச்சை நிலம் கிடைப்பது அரிது. அந்த அரிதுக்குத்தான் கூடுதல் உடல் விலையாகப் போகிறது.

அடுத்து, எண்கள் எல்லாம் சம எடை கொண்டவை அல்ல. ஆட்டம் 20 உயிரில் தொடங்குகிறது. தாக்கு 2 என்றால் பத்து அடி, 3 என்றால் ஏழு, 4 என்றால் ஐந்து, 5 என்றால் நான்கு. 6 என்றாலும் நான்குதான், 7-க்குப் போனால்தான் மூன்று. ஆக 3-லிருந்து 4-க்கு ஏற்றும்போது இரண்டு டர்ன் மிச்சப்படுத்துகிறீர்கள். 5-லிருந்து 6-க்கு ஏற்றினால், தனியாக அடிக்கும்வரை, ஒன்றுமே மிச்சமில்லை. பார்வைக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும், ஆனால் ஆட்டம் வேகமாகக் கூடாது என்றால் 6 நல்ல எண்.

தாங்கு எண்ணில் கோடுகளை வரைவது எதிராளியின் மந்திரங்கள். லைட்னிங் போல்ட் ஒரு மானாவுக்கு 3 சேதம், ஷாக் ஒரு மானாவுக்கு 2 சேதம். போல்ட் இருக்கும் தொகுப்பில் தாங்கு 3-க்கும் 4-க்கும் இடையே ஒரு மதில் சுவர் இருக்கிறது. ஷாக் மட்டும் உள்ள தொகுப்பில் அந்தச் சுவர் 2-க்கும் 3-க்கும் இடையே. உங்கள் தொகுப்பில் சேதம் தரும் மந்திரங்களை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு தாங்கு எண்ணைத் தொடுங்கள். நிறையப் பேர் தலைகீழாகச் செய்து, பிறகு ஏன் ஒரே ஒரு க்ரீச்சர் மட்டும் சாகவே மாட்டேன் என்கிறது என்று தலையைச் சொறிகிறார்கள்.

விலை உயர உயர, கார்டு கையில் தூங்கும் நாட்களும் கூடும். 40 கார்டு டெக்கில் வழக்கமாக 17 நிலம். முதலில் ஆடுபவர் ஏழு கார்டோடு தொடங்கி, முதல் டர்னில் கார்டு எடுக்காமல் ஆடுகிறார். நான்காவது டர்னில் அவர் பார்த்திருப்பது 10 கார்டு, சராசரியாக 4.25 நிலம். ஆறாவது டர்னில் 12 கார்டு, 5.1 நிலம். ஆறு நிலம் சராசரியாகக் கூடுவதற்கு ஏறக்குறைய 14 கார்டு பார்க்க வேண்டும், அதாவது எட்டாவது டர்ன். ஆறு மானா க்ரீச்சரை ஆறாவது டர்ன் கார்டாக நினைத்து வடிவமைப்பது மிகப் பரவலான தப்பு. எட்டாவது டர்னில் தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் அது என்ன செய்யும் என்று யோசித்துத் திறன் கொடுங்கள்.

திறனுக்கும் விலை உண்டு. மூன்று மானா 2/2 பறக்கும் (விண்ட் டிரேக்). கரடியோடு ஒப்பிட்டால் பறப்பதற்கு ஏறக்குறைய ஒரு மானா. ஐந்து மானாவில் ஏர் எலிமென்டல் 4/4 பறக்கும். அதே விலை, அதே உடல், அதே பறத்தல், கூடவே தாக்கிவிட்டும் டாப் ஆகாமல் காவல் நிற்கும் திறன் என்று வந்தது செர்ரா ஏஞ்சல். இரண்டும் 1993-ன் ஒரே பெட்டியில்! ஒன்று நீலம், ஒன்று வெள்ளை என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே நிறத்தில் இப்படி இரண்டு வந்தால் ஒன்று அச்சடித்த அன்றே செத்த கார்டு. செர்ரா ஏஞ்சலை இடையில் சில அடிப்படைத் தொகுப்புகளிலிருந்து நீக்கி, 2001-ல் ஏழாம் பதிப்பில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று அது யாரையும் மிரட்டுவதில்லை.

அழுங்குக்கு வருவோம். பச்சை, மூன்று மானா. அளவுகோல் 3/3. திறன் ஒன்று தரப்போவதால் உடலில் ஒன்று குறைய வேண்டும். 2/3-ஆ, 3/2-ஆ? விலங்கைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. சுருளாத அழுங்கின் வயிற்றில் செதில் கிடையாது, மென்மையானது. எனவே 3/2. ஷாக் பட்டால் சாகும். அது நல்லதுதான், எதிராளிக்கு ஒரு வழி வேண்டுமே.

படி 3: ஒரே ஒரு திறன், அதுவும் எங்கே மதிப்பு தருகிறது என்று தெரிந்து

மேஜிக் ஆட்டக்காரர்கள் க்ரீச்சர்களை இரண்டு சாதியாகப் பிரித்துப் பேசுவார்கள்: பேன்ஸ்லேயர், மல்டிரிஃப்டர். பேன்ஸ்லேயர் ஏஞ்சல் (2009) ஐந்து மானாவுக்கு 5/5, பறக்கும், முதலில் அடிக்கும், அடித்த அளவு உயிர் கொடுக்கும். உயிரோடு இருந்தால் ஆட்டத்தை முடித்துவிடும். வந்த உடனே கொன்றால் உங்களுக்கு மிச்சம் பூஜ்யம். மல்டிரிஃப்டர் (2007) ஐந்து மானாவுக்கு வெறும் 2/2, பறக்கும், ஆனால் வரும்போதே இரண்டு கார்டு எடுத்துக் கொடுத்துவிடும். அதைக் கொன்றாலும் வந்த லாபம் வந்ததுதான். மூன்று மானா மட்டும் கட்டி, கார்டுகளை எடுத்துக்கொண்டு, உடலை அப்படியே விட்டுவிடும் வசதியும் அதில் உண்டு. மூன்றாவது டர்னிலும் பயன், ஐந்தாவது டர்னிலும் பயன், எப்போது ஆடுவது என்று ஒரு நல்ல மனக்குடைச்சலும் உண்டு. அமைப்பில் மிக நேர்த்தியான கார்டுகளில் அது ஒன்று.

இரண்டில் எது மேல் என்பது கேள்வியே அல்ல. தொகுப்பில் எல்லாமே மல்டிரிஃப்டராகிவிட்டால், கொல்லும் மந்திரத்துக்கு அர்த்தம் போய்விடும். 'கொன்று என்ன பயன், கார்டு எடுத்துவிட்டானே' என்ற சலிப்பு மேசையில் உட்காரும். எல்லாமே பேன்ஸ்லேயர் என்றால், யார் கையில் கொல்லும் மந்திரம் இருந்தது என்பதே ஆட்டமாகிவிடும். வீட்டில் செய்யும் தொகுப்புகள் பெரும்பாலும் முதல் பள்ளத்தில்தான் விழுகின்றன, ஏனென்றால் 'வரும்போது இதைச் செய்' என்று எழுதுவது சுலபம்.

இரண்டையும் ஒரே கார்டில் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 'ஊரோ' என்ற க்ரீச்சர் உதாரணம். 2020 ஜனவரியில் வந்தது. மூன்று மானா. வரும்போது மூன்று உயிர், ஒரு கார்டு, ஒரு நிலத்தை இறக்கும் வாய்ப்பு. முதல் முறை வந்த கையோடு பலியாகிவிடும். பிறகு கிரேவ்யார்டிலிருந்து (செத்த, பயன்படுத்தி முடித்த கார்டுகள் போகும் குவியலிலிருந்து) வேறு ஐந்து கார்டுகளை விலக்கி, நான்கு மானா கட்டினால் 6/6 உடலோடு எழுந்து வரும், ஒவ்வொரு தாக்குதலுக்கும் அதே மூன்று லாபத்தையும் மறுபடி தரும். கொன்றால் மீண்டும் கிரேவ்யார்டு, மீண்டும் எழுச்சி. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்டாண்டர்ட் என்ற போட்டி வகையில் தடை, 2021 பிப்ரவரியில் மாடர்ன் வகையிலும் தடை.

நிறத்தின் குணத்தையும் மீறாதீர்கள். பச்சைக்குப் பறத்தல் தரக் கூடாது, பறப்பதைத் தடுக்கும் ஜயண்ட் ஸ்பைடர் தரலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் முடியாதது ஒன்று இருந்தால்தான் நிறத்தேர்வுக்கு மதிப்பு.

படி 4: எதிராளியின் நாற்காலியில் உட்காருங்கள்

ஒரு தாளை எடுத்து, இந்தக் கார்டு வந்தால் எதிராளி செய்யக்கூடியவற்றை எழுதுங்கள். தடுக்கலாமா, குறிவைத்துக் கொல்லலாமா, வேகமாக அடித்து முந்தலாமா, மந்திரமாக இருக்கும்போதே முறிக்கலாமா, விலை கொடுத்து மாற்று வழி தேடலாமா. குறைந்தது இரண்டு பதில்களாவது, அந்தத் தொகுப்பின் சாதாரணக் கார்டுகளாலேயே முடிய வேண்டும்.

இன்விசிபிள் ஸ்டாக்கர் (2011) இந்தத் தேர்வில் பளிச்சென்று தோற்கும். இரண்டு மானா, 1/1, எதிராளி குறிவைக்க முடியாது, தடுக்கவும் முடியாது. 1/1 தானே, என்ன செய்துவிடும் என்று தோன்றும். அதே தொகுப்பில் புட்சர்ஸ் கிளீவர் என்ற கத்தி இருந்தது: பிடித்திருப்பவருக்கு +3/+1, அவர் மனிதராக இருந்தால் அடித்த அளவு உயிர். ஸ்டாக்கர் மனிதர். டர்னுக்கு நான்கு சேதம், நான்கு உயிர், எதிரே உள்ளவர் கத்தியைக் குறிவைக்கும் கார்டு தேடி டெக்கைத் துழாவ வேண்டியதுதான். ஒவ்வொரு கார்டும் தனியாகச் சாது. தப்பு, இரண்டு வாசல்களையும் ஒரே கார்டில் பூட்டியதில் இருக்கிறது.

குறிவைக்கவே முடியாது என்ற ஹெக்ஸ்ப்ரூஃபுக்குப் பதிலாக, 2021-ல் ஸ்ட்ரிக்ஸ்ஹேவன் தொகுப்பில் 'வார்டு' என்ற திறன் வந்தது. குறிவைக்கலாம், ஆனால் கூடுதலாக இவ்வளவு கட்டு, கட்டாவிட்டால் உன் மந்திரம் முறியும். பூட்டிய கதவுக்குப் பதில் சுங்கச்சாவடி. பாதுகாப்பு தர வேண்டும் என்றால் நீங்களும் இதையே செய்யுங்கள். வார்டு 1 லேசான தொல்லை, வார்டு 2 நல்ல காப்பு, 3-க்கு மேல் போனால் மறுபடி பூட்டிய கதவுதான்.

படி 5: குறைபாட்டை விலையாக வைக்கும்போது இரட்டைக் கவனம்

பெரிய உடல், கூடவே ஒரு சாபம் என்பது பழைய யுக்தி. 1993-ன் ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர் ஆறு மானாவுக்கு 8/8. ஒவ்வொரு டர்னும் நான்கு பச்சை மானா கட்டாவிட்டால் உங்களுக்கே எட்டு சேதம். படிக்கும்போதே கதை தெரிகிறது, காட்டை அவிழ்த்துவிட்டவன் அதற்குத் தீனி போட வேண்டும். நல்ல சாபம்.

கெட்ட சாபங்கள் இரண்டு வகை. ஒன்று, கார்டையே கொன்றுவிடுவது. வுட் எலிமென்டல் (1994) நான்கு மானா கேட்டு, வரும்போது டாப் ஆகாத காடுகளைப் பலி கேட்கும். எத்தனை காடு கொடுத்தீர்களோ அவ்வளவு தாக்கு, அவ்வளவு தாங்கு. நான்கு மானா கட்டிய பிறகு டாப் ஆகாமல் எத்தனை காடு மிச்சம் இருக்கும்? இருந்தவற்றையும் கொடுத்துப் பெற்ற உடல் ஒரே மந்திரத்தில் போனால் நிலமும் போச்சு, மிருகமும் போச்சு.

இன்னொன்று, தப்பித்துக்கொள்ளக்கூடிய சாபம். ஃபைரெக்சியன் டிரெட்னாட் (1996) ஒரே ஒரு மானாவுக்கு 12/12. களத்துக்கு வந்ததும் மொத்தம் 12 தாக்கு வரும்படி உங்கள் மற்ற க்ரீச்சர்களைப் பலி கொடுக்காவிட்டால் இதுவே பலி. நியாயமாகத்தான் தெரிகிறது. 2003-ல் ஸ்டைஃபிள் என்ற ஒரு மானா மந்திரம் வந்தது, டிரிகர் (ஏதாவது நடந்ததும் தானே கிளம்பும் திறன்) ஒன்றை முறித்துவிடும். பலி கேட்கும் டிரிகரையே முறித்தால் இரண்டு மானாவுக்கு 12/12. எனவே சாபம் எழுதியதும் கேளுங்கள்: இதை நடக்காமல் செய்ய என் தொகுப்பில் எத்தனை கார்டுகளால் முடியும்? உடல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு கடுமையாகத் தேடுங்கள்.

இதற்கிடையில் பக்கத்து வீடுகளையும் எட்டிப் பார்க்கலாம். போகிமான் ஆட்டத்தில் ஆறு பரிசுக் கார்டுகளை எடுத்தால் வெற்றி. சாதாரண போகிமான் விழுந்தால் எதிராளிக்கு ஒரு பரிசு, வி வகை விழுந்தால் இரண்டு, விமேக்ஸ் விழுந்தால் மூன்று. முதல் சாரிசார்டு 120 உயிர், 2020-ன் சாரிசார்டு விமேக்ஸ் 330. ஆனால் அது இரண்டு முறை விழுந்தால் ஆட்டமே முடிந்தது. சாகும்போது கட்டும் விலை, யாராலும் சுலபமாக ஏமாற்ற முடியாத விலை. யூ-கி-ஓ-வில் மானாவே இல்லை. நான்காம் நிலைவரை உள்ள எந்த அரக்கனையும் இலவசமாக இறக்கலாம் என்பதால், ஆரம்ப காலத்தில் திறனில்லா அரக்கர்களிடையே எண் ஒன்றே பேசியது. 1400 தாக்கு கொண்ட செல்டிக் கார்டியனும் 1800 கொண்ட லா ஜின்னும் ஒரே நான்காம் நிலை. 1900-ல் ஜெமினி எல்ஃப் வந்ததும் லா ஜின்னும் பழசு. விலை என்ற அச்சு இல்லாத இடத்தில் எண்கள் ஒன்றையொன்று விழுங்கத்தான் செய்யும்.

படி 6: வாசகத்தை எழுதி, அதை உடைக்கப் பாருங்கள்

இங்கேதான் அழுங்கு படுத்தப் போகிறது. முதல் வரைவு: 'அழுங்கு பிளாக் செய்யும்போதெல்லாம், டர்ன் முடியும் வரை +0/+3 பெறும்.' தடுக்கும்போது 3/5. எந்த விலையும் இல்லாமல் ஒவ்வொரு டர்னும். இரண்டு அழுங்கு நின்றால் எதிராளி தரையில் தாக்கவே மாட்டார். அவரும் இரண்டு அழுங்கு வைத்திருந்தால் இருவரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தடுப்பவரை மட்டும் இலவசமாக வலுப்படுத்தும் கார்டுகள் ஆட்டத்தை உறைய வைக்கும்.

ஒரு விலை வைப்போம்: 'சுருண்டால், உங்கள் அடுத்த அன்டாப் கட்டத்தில் அழுங்கு அன்டாப் ஆகாது.' அன்டாப் என்பது டாப் ஆன கார்டுகளை உங்கள் டர்னின் தொடக்கத்தில் நிமிர்த்துவது. படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் செய்யாது! பிளாக் செய்வதால் க்ரீச்சர் டாப் ஆவதில்லை. டாப் ஆகாத ஒன்றை அன்டாப் ஆகாதே என்று சொல்லி என்ன பயன். விலை எழுதியதாக நினைத்து வெற்றுக் காகிதத்தை எழுதிவிட்டோம்.

அப்படியானால் டாப் குறியையே விலையாக வைத்தால்? 'டாப்: +0/+3.' டாப் குறியுள்ள திறனை, உங்கள் அண்மை டர்ன் தொடங்கியதிலிருந்தே உங்களிடம் இருந்த க்ரீச்சர் மட்டும்தான் பயன்படுத்தலாம். உங்கள் டர்னில் இறக்கிய அழுங்கு, எதிராளியின் அடுத்த டர்னில் தடுக்கலாம், ஆனால் சுருள முடியாது. புதிதாக ஆடுபவர்கள் இங்கே ஒவ்வொரு முறையும் சிக்குவார்கள்.

முடிவான வாசகம்:

'அழுங்கு பிளாக் செய்யும்போதெல்லாம், விரும்பினால் அதை டாப் செய்யலாம். செய்தால், டர்ன் முடியும் வரை அது +0/+3 பெறும். உங்கள் அடுத்த அன்டாப் கட்டத்தில் அது அன்டாப் ஆகாது.'

டாப் ஆனாலும் தடுப்பு நிற்கும், அடியும் விழும். ஆனால் அடுத்த டர்னில் அழுங்கு தாக்காது, அதற்கடுத்த எதிராளி டர்னில் தடுக்கவும் முடியாது. இப்போது இரு பக்கமும் கணக்கு போட வேண்டியிருக்கிறது. எதிராளி ஒரு சிறியதை அனுப்பி அழுங்கைச் சுருளவைத்து, மறு டர்னில் பெரியதை உள்ளே விடலாம். கையில் ஷாக் இருந்தால், டிரிகர் நிறைவேறும் முன், தாங்கு 2 ஆக இருக்கும் அந்த இடைவெளியில் அடிக்கலாம். நீங்களோ சுருளாமல் 3/2 ஆகவே தடுத்து, பரிமாற்றமாகச் சாகவிடலாம்.

உடைத்துப் பார்க்கும்போது நான்கு சொற்களைக் குறிப்பாகத் தேடுங்கள்: 'ஒவ்வொரு முறையும்', 'எந்த எண்ணிக்கையிலும்', 'இலவசமாக', 'மற்ற க்ரீச்சர்கள்'. முடிவில்லாத சுழற்சிகள் பெரும்பாலும் இவற்றில்தான் ஒளிந்திருக்கும். கிரேவ்யார்டைப் பார்த்து மாறும் எண்களுக்கும் தனிக் கவனம் தேவை. டார்மோகோய்ஃபின் (2007) தாக்கு, எல்லா கிரேவ்யார்டுகளிலும் உள்ள கார்டு வகைகளின் எண்ணிக்கை. தாங்கு அதைவிட ஒன்று அதிகம். 2/3 ஆக நிற்கும் அதன்மேல், கிரேவ்யார்டில் இன்ஸ்டன்ட் (எதிராளியின் டர்னிலும் வீசக்கூடிய மந்திர வகை) எதுவும் இல்லாதபோது போல்ட் வீசினால் சாகாது. மூன்று சேதம் விழும், போல்ட் கிரேவ்யார்டுக்குப் போகும், இன்ஸ்டன்ட் என்ற புதிய வகை சேரும், கோய்ஃப் 3/4 ஆகும், அதன் பிறகுதான் செத்ததா என்று விதி பார்க்கும். அனுபவசாலிகளுக்கு இது தின்பண்டம். பத்து வயதுப் பிள்ளைக்கு இது அநியாயம்.

படி 7: மேசைச் சுமையை எண்ணுங்கள்

ஒருவரிடம் நான்கு க்ரீச்சர் இருந்தால் தாக்க அனுப்பும் விதங்கள் 16. நான்குமே தாக்கினால், எதிரே நிற்கும் நான்கும் தடுக்கும் விதங்கள் 625, ஏனென்றால் ஒவ்வொன்றும் நான்கில் ஒன்றைத் தடுக்கலாம் அல்லது சும்மா இருக்கலாம். இது திறன் எதுவும் இல்லாதபோதே. இதன்மேல் 'மானா கட்டினால் பக்கத்தில் இருப்பவன் பெரிதாவான்' என்ற திறனை ஏற்றினால் மண்டை காயும். 2007-ன் லோர்வின் தொகுப்பில் சாதாரணக் கார்டுகளே ஒன்றையொன்று மாற்றிக்கொண்டிருந்தன. புதியவர்கள் களத்தைப் படிக்கவே திணறினார்கள். இந்தச் சிக்கலிலிருந்து பிறந்த 'நியூ வேர்ல்ட் ஆர்டர்' கொள்கையைத் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் 2011-ல் விளக்கினார்: அடிக்கடி கையில் வரும் சாதாரணக் கார்டுகளை எளிமையாக வையுங்கள், சிக்கலை அரிய கார்டுகளுக்கு ஒதுக்குங்கள்.

வீட்டுத் தொகுப்புக்குச் சொல்லத்தக்க அளவு: சாதாரணக் கார்டில் வாசகம் நான்கு வரியைத் தாண்டக் கூடாது. தானே மாறலாம், மற்றதை மாற்றக் கூடாது. அழுங்கு மூன்று வரியில் அடங்குகிறது, தன்னை மட்டும் மாற்றுகிறது. ஆனால் 'அடுத்த அன்டாப்' என்பதை ஒரு டர்ன் நினைவில் வைக்க வேண்டியிருப்பதால், சாதாரணத்தைவிட ஒரு படி மேலே, அன்காமனில் வைப்பது நல்லது. நினைவுக்காக மேலே ஒரு புளியங்கொட்டை வைத்தால் போதும்.

படி 8: சோதனை

காகிதத்தில் எழுதி, ஏதாவது ஒரு நிலக் கார்டின் முன் ஸ்லீவுக்குள் (கார்டு உறைக்குள்) செருகுங்கள். 40 கார்டில் ஒரே ஒரு பிரதி வைத்தால், முதலில் ஆடுபவர் ஐந்தாவது டர்னுக்குள் அதைப் பார்க்கும் வாய்ப்பு 27.5 சதவீதம்தான். பத்து ஆட்டத்தில் மூன்று முறைகூட வராது. நான்கு பிரதி வைத்தால் 74 சதவீதம். அல்லது ஒரு பிரதியைத் தொடக்கக் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பத்து ஆட்டத்தில் ஐந்தில் இந்தப் பக்கம் முதலில் ஆடட்டும், ஐந்தில் அந்தப் பக்கம். பாதியில் டெக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

யார் ஜெயித்தார் என்று மட்டும் குறிக்காதீர்கள். எந்த டர்னில் இறங்கியது, எத்தனை டர்ன் கையில் தூங்கியது, எதிராளி அதற்காக ஒரு முறையாவது நின்று யோசித்தாரா, யாராவது வாசகத்தை இரண்டாம் முறை எடுத்துப் படித்தார்களா? நாலாவது முறையும் ஒருவர் கார்டைக் கையில் எடுத்துப் படித்தால் எண்ணில் தப்பில்லை, வாசகத்தில் தப்பு. எதிராளி ஒரு முறைகூட யோசிக்கவில்லை என்றால், ஒன்று கார்டு செத்தது, அல்லது பதிலே இல்லாதது. எது என்பதை வெற்றிக் கணக்கு சொல்லிவிடும்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விலையையும் தாங்கு எண்ணையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

கடைசி மாற்றம்தான் ஆபத்தானது. 2024 ஜூனில் மாடர்ன் ஹொரைசன்ஸ் 3 தொகுப்பில் 'நாடு' என்ற பெயரில் ஒரு பறவை க்ரீச்சர் வந்தது. மூன்று மானா, 3/4, பறக்கும். உங்கள் க்ரீச்சர்களில் ஏதாவது ஒன்று குறிவைக்கப்பட்டால், டெக்கின் மேல் கார்டைத் திறந்து, நிலமானால் களத்துக்கு, இல்லையென்றால் கைக்கு. டர்னுக்கு இரண்டு முறை மட்டும் என்று கட்டுப்பாடும் இருந்தது. ஆனால் அந்த இரண்டு ஒவ்வொரு க்ரீச்சருக்கும் தனித்தனி. பத்து க்ரீச்சர் என்றால் இருபது முறை. அதோடு, ஷுகோ என்ற பழைய ஆயுதத்தை ஒரு க்ரீச்சரிடமிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மானாவே வேண்டாம், மாற்றுவதும் குறிவைத்தல்தான். அதே மாதம் ஆம்ஸ்டர்டாமில் நடந்த புரோ டூர் என்ற பெரிய போட்டியை 'நாடு' டெக் வென்றது. ஒருவர் டர்ன் முடியும்வரை எதிராளி கைகட்டிக் காத்திருக்கும் நீண்ட டர்ன்கள் வேறு. ஆகஸ்டில் மாடர்னில் தடை. வடிவமைத்தவரே பிறகு வெளிப்படையாக எழுதினார்: கடைசிக் கட்டத்தில் வாசகத்தை மாற்றினோம், மாற்றிய வடிவத்தை ஆடிப் பார்க்கவில்லை, மானா செலவில்லாமல் குறிவைக்கும் கார்டுகளைக் கவனிக்கத் தவறினோம்.

ஆகவே பத்தாவது ஆட்டத்துக்குப் பிறகு அழுங்கின் +0/+3-ஐ +0/+4 ஆக்க ஆசை வந்தால், ஆக்கலாம். ஆனால் படி 2-ல் எழுதிய சேத மந்திரப் பட்டியலை மறுபடி எடுத்து, தாங்கு 6-ஐக் கொல்ல எது இருக்கிறது என்று பாருங்கள். க்ரீச்சர்களை அன்டாப் செய்யும் கார்டுகள் தொகுப்பில் எத்தனை என்று எண்ணுங்கள், அவைதான் அழுங்கின் விலையைத் தின்னக்கூடியவை. பிறகு இன்னும் ஐந்து ஆட்டம்.